ஒரு தாயின் இரு முடிவுகள்

தாய்மையைத் தெய்வமாக்கி வணங்கும் எழுத்துக்குத் தமிழில் என்றுமே குறைவில்லை. ஆனால், தாயும் மகளும் இரு பெண்களாக எதிரெதிரே நிற்கும் எழுத்து அரிது. அவ்வரிய எழுத்துகளுள் ஒன்று, ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. 1972ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற இப்புதினத்தை, அதற்கு வித்தாக அமைந்த ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் சிறுகதையோடு சேர்த்துப் படித்தால்தான் அதன் முழுப் பொருளும் விளங்கும்.

சிறுகதை 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்தது. மழை பெய்யும் மாலையில் பேருந்துக்காகக் காத்து நிற்கிறாள் ஓர் ஏழைக் கல்லூரி மாணவி. முன்பின் அறியாத ஒருவன் தன் காரில் ஏற்றிக்கொள்கிறான். எதிர்க்கவும் தெரியாமல், இசையவும் தெரியாமல் திகைக்கும் அவ்வயதில் அவள் கெடுகிறாள். வீடு திரும்பித் தாயிடம் சொல்லி அழுகிறாள். கணவனை இழந்த அந்தத் தாய் முதலில் அலறுகிறாள், அடிக்கிறாள். அண்டை வீட்டார் காதில் விழுந்துவிடுமே என்ற அச்சம் எழுந்ததும் நிதானம் கொள்கிறாள். மகளின் தலையில் நீரை ஊற்றிக் குளிப்பாட்டி, நீ தூய்மையாகிவிட்டாய், இனி யாரிடமும் சொல்லாதே என்று தேற்றுகிறாள். இந்த முடிவு அன்றைய வாசகரிடையே பெரும் புயலை எழுப்பியது.

அப்புயலுக்கு ஆசிரியர் அளித்த விடையே புதினம். தாய் அவ்வாறு செய்யாமல் ஊரறிய ஓலமிட்டிருந்தால் என்னவாகியிருக்கும்? புதினத்தின் தாயாகிய கனகம் ஓலமிடுகிறாள். மகன் கணேசன் தங்கை கங்காவை வீட்டைவிட்டு விரட்டுகிறான். தஞ்சாவூரில் வக்கீலாக இருக்கும் தாய்மாமன் வெங்கு மாமா அவளை அழைத்துச் சென்று படிக்க வைக்கிறார். கங்கா உயர்ந்த அலுவலில் அமர்கிறாள். எனினும் அவள் வாழ்வு அந்த மழைநாளிலேயே நின்றுவிட்டது.

இங்குத் திறனாய்வாளர் பலரும் ஒரு வினாவோடு நின்றுவிடுகின்றனர். எந்தத் தாய் செய்தது சரி? சிறுகதைத் தாயே சிறந்தவள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் சற்று உற்று நோக்குவோமாயின், இரு தாயரையும் இயக்குவது ஒரே அச்சம் என்பது புலப்படும். ஒருத்தி அச்சத்தால் மறைக்கிறாள். மற்றவள் அச்சத்தால் அலறுகிறாள். மகனின் சோற்றை நம்பி வாழும் கைம்பெண்ணாகிய கனகத்துக்குத் தனக்கென ஒரு சொல் ஏது? அவளுடைய இளமையும் கேட்பாரின்றிப் புதைந்த ஒன்றுதானே? தனக்கு மறுக்கப்பட்டதை மகளுக்கு வழங்க அவள் அறியாள். பின்னாளில் மகளின் சம்பளத்தில் வாழும்போதும் அவளால் மகளை மன்னிக்க இயலவில்லை. தன்னையும் மன்னித்துக்கொள்ள இயலவில்லை. கனகத்தைக் கொடியவளாகக் காட்டாமல் பேதையாகக் காட்டியது ஆசிரியரின் பெருந்தன்மை.

வெங்கு மாமாவோ ஒழுக்கத்தின் காவலராகப் பேசிக்கொண்டே மருமகள்மீது கண் வைப்பவர். இவள் ஒருவனுக்கு வைப்பாக இருக்கலாமேயன்றி மனைவியாக இருக்க முடியாது, திறமையிருந்தால் அவனையே தேடிப் பிடிக்கட்டும் என்று அவர் சொல்வது கங்காவின் காதில் விழுகிறது. அவள் தேடுகிறாள். கண்டும் பிடிக்கிறாள். அவன் பிரபு, மனைவியும் மக்களும் உடையவன், குடிப்பவன், உள்ளீடற்றவன். அவர்களிடையே உடலுறவு இல்லை, நட்பே வளர்கிறது. ஊரோ அவளை அவனுடைய வைப்பு என்கிறது. அவளும் அப்பெயரைக் கவசமாக அணிந்துகொள்கிறாள். பிரபுவின் மகள் மஞ்சுவிடம் அவள் காட்டும் கனிவில், தனக்குக் கிடைக்காத தாயாகத் தானே ஆக முயல்வதைக் காண்கிறோம்.

நாளடைவில் கங்காவின் உள்ளத்தில் ஆசை அரும்புகிறது. கதையின் பெரும்பகுதியை அவளே தன் வாயால் கூறுவதால், அவ்வாசை நாணமின்றி, ஆனால் நயமாக வெளிப்படுகிறது. சிறுகதைப் பெண்ணுக்குக் கிட்டாத உரிமை இது. ஆனால் அவள் விரும்பத் தொடங்கிய வேளையில் அவள் நலத்தின் பெயரால் பிரபு விலகிப் போகிறான். அவனுடைய குடிப்பழக்கம் அவளைப் பற்றிக்கொள்கிறது.

இங்கே எனக்கு ஒரு குறை தோன்றுகிறது. படித்தவள், பொருளீட்டுபவள், எவரையும் அஞ்சாதவள். அத்தகையவள் தன் விருப்பத்தைத் தன்னைக் கெடுத்தவன் ஒருவன்மீதே வைக்கிறாள். முதலில் தீண்டியவனே உரியவன் என்னும் பழைய கற்புக் கோட்பாடு, புதுமைக் கோலம் பூண்டு அவளுக்குள் வாழ்கிறது. மாமாவை வெல்லப் புறப்பட்டவள் மாமா வரைந்த கோட்டுக்குள்ளேயே நடக்கிறாள். இது ஆசிரியரின் எல்லையா, அன்றி அவர் வேண்டுமென்றே காட்டிய அவலமா? பின்னதே என்று நம்ப விழைகிறேன்.

1977இல் பீம்சிங் இயக்கத்தில் இது திரைப்படமாயிற்று. கங்காவாக நடித்த லட்சுமி தேசிய விருது பெற்றார். படம் பார்த்து வந்த குடும்பங்கள் எல்லாம் மறுபடியும் அதே வழக்கைத்தான் விசாரித்தன: தாய் செய்தது சரியா?

அண்மையில் இந்நூலைப் படித்து முடித்த என் மகள் கேட்ட கேள்வி வேறு. “அப்பா, எல்லாரும் அவளை என்ன செய்யலாம் என்றுதானே பேசுகிறார்கள்? உனக்கு என்ன வேண்டும் என்று ஒருவராவது கேட்டார்களா?” எனக்கு விடை தெரியவில்லை. சமையலறை வாயிலில் நின்ற அவள் தாயும் வாய் திறக்கவில்லை.

ஊரையும் உறவையும் விட்டு வந்து வாழும் நம் வீடுகளில் வெங்கு மாமாக்கள் இல்லை. ஒட்டுக்கேட்கும் ஒண்டுக்குடித்தனங்களும் குறைவு. ஆனால் கனகத்தின் அச்சம் நம்மோடு ரயிலேறி வந்திருக்கிறது. மழையில் நனைந்து ஒருநாள் மகள் தாமதமாக வந்தால், கதவைத் திறந்ததும் நாம் கேட்கப்போகும் முதல் சொல் எது? இந்நூல் நம்மிடம் கேட்பது அதுவே. பெண்மக்களுக்கு முன்னே பெற்றோர் படிக்கவேண்டிய நூல் இது.