வென்ற பைக்கும் வாங்குகிற பைக்கும்

2024 ஜனவரியில் சவூதி அரேபியாவில் நடந்த டக்கார் ராலியில், ஹீரோ அணிக்கு ஓட்டிய போட்ஸ்வானா வீரர் ராஸ் பிராஞ்ச் ஒட்டுமொத்தத்தில் இரண்டாம் இடம் பிடித்தார். அதே ராலியில் ஷெர்கோ டிவிஎஸ் அணிக்கு ஓட்டிய ஷொர்ணூர்க்காரர் ஹரித் நோவா பதினோராம் இடத்தில் வந்து, ராலி-2 பிரிவை வென்றார். ஒரே ராலியில் இரண்டு இந்திய நிறுவனங்களின் பெயர் அவ்வளவு உயரத்தில் நின்றதில் எனக்குப் பெருமைதான். ஆனால் திருப்பூரிலோ பல்லடத்திலோ மண் பந்தயம் ஓட்ட ஆசைப்பட்டு பைக் தேடும் பையனுக்கு அந்த இரண்டு முடிவுகளாலும் எந்த உதவியும் இல்லை. பிராஞ்ச் ஓட்டியது பந்தயத்துக்கென்றே கட்டிய 450 சிசி வண்டி. ஹரித் ஓட்டியது பிரெஞ்சு நிறுவனமான ஷெர்கோவின் ராலி வண்டி. இரண்டும் நம் ஊர் ஷோரூமில் நிற்பவை அல்ல. ஹீரோவா, டிவிஎஸ்ஸா, கேடிஎம்மா, கவாசாகியா என்று டீக்கடையில் மணிக்கணக்கில் நடக்கும் வாதத்தில் பாதி, வாங்கவே முடியாத வண்டிகளின் பெயரால் நடக்கிறது.

ஒரே டேபிளில் கட்டிங் போட்டு, ஒரே லைனில் தைத்த டி-ஷர்ட்டுக்கு மூன்று கம்பெனி லேபிள் ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். லேபிளை விட்டுவிட்டுத் துணியை விரலில் தேய்த்து ஜிஎஸ்எம் சொல்கிற ஊர் இது. பைக் வாங்கும்போது மட்டும் டேங்கில் ஒட்டியிருக்கும் பெயருக்கு மயங்குவது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

கொங்கு நாட்டுக்கு மோட்டார் பந்தயம் புதிதல்ல. 1995இல் விமான விபத்தில் இறந்த பந்தய வீரர் கரிவர்தனின் பெயரைத் தாங்கி, கோவை செட்டிபாளையத்தில் 2003இல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டிப் பழகி முன்னுக்கு வந்தவர்கள் பலர். ஆனால் அது தார் ஓடுதளம். மண் பந்தயம் இங்கே வேறு வழியில் வளர்ந்தது. சாலையில் ஓடிய யமஹா ஆர்எக்ஸ் 100, டிவிஎஸ் சுசுகி ஷோகன் போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டிகளின் கண்ணாடி, விளக்கு, இண்டிகேட்டர் எல்லாவற்றையும் கழற்றி, சைலன்சரை மாற்றி, பட்டன் டயர் போட்டு மண்ணில் இறக்கினார்கள். பிறகு ஃபோர்-ஸ்ட்ரோக் வந்தது. டிவிஎஸ் அப்பாச்சிகளுக்கும் அதே சிகிச்சை நடந்தது. சாலை வண்டியை மண் வண்டியாக மாற்றி ஓட்டும் இந்தப் பழக்கத்தைத்தான் எடை போட வேண்டும் என்று நினைக்கிறேன். பிராண்டுகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைவிட, மாற்றிய வண்டிக்கும் மண்ணுக்கென்றே பிறந்த வண்டிக்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரியது.

இந்தப் பழக்கம் ஏழ்மையின் பிள்ளை மட்டுமல்ல, வரியின் பிள்ளையும்கூட. முழுதாக இறக்குமதியாகும் வண்டிகளுக்கு 2025 பட்ஜெட் வரை 50 சதவீதம் சுங்கம். அதற்குப் பிறகும், 1600 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு 40 சதவீதம். 2018இல் சுசுகி தன் ஆர்எம்-இசட் 250 மோட்டோகிராஸ் வண்டியை இந்தியாவில் அறிமுகப்படுத்தியபோது விலை 7 லட்சத்தைத் தாண்டியிருந்தது. நம்பர் பிளேட் போட முடியாது; சாலையில் ஓட்ட முடியாது; ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் குட்டி யானையில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். சனிக்கிழமை சம்பளம் வாங்குகிற கட்டிங் மாஸ்டரோ, அப்பாவின் நிட்டிங் யூனிட்டில் கணக்குப் பார்க்கும் பையனோ இதை எட்டிப் பிடிப்பது எப்படி? மாற்றிய வண்டி இல்லாவிட்டால் இந்த வட்டாரத்தில் மண் பந்தயமே இருந்திருக்காது. அது அந்தப் பழக்கத்தின் முதல் தகுதி; அதை யாரும் மறுக்க முடியாது.

இரண்டாவது தகுதி நம் பட்டறைகள். பம்புக்கும் மோட்டாருக்கும் பேர்போன கோவையின் லேத் பட்டறைகளில் ஸ்பிராக்கெட், ஹேண்டில்பார் கிளாம்ப், என்ஜினுக்கு அடியில் போடும் காப்புத் தகடு எல்லாம் மாதிரியைக் கொடுத்தால் செய்து கொடுப்பார்கள். ஜப்பானிலிருந்து பாகம் வர ஆறு வாரம் காத்திருக்கிறவன் ஒரு சீசனையே இழக்கிறான். ஆர்எக்ஸ் என்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டும் மெக்கானிக்குகள் இருக்கும் இடத்தில் சிலிண்டர் ஜாம் ஆனால் அடுத்த வாரமே வண்டி ஓடும். அந்தக் கைகளின் திறமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. அது வண்டி தரையை விட்டுக் கிளம்பித் திரும்ப இறங்கும்போது தெரியும். ஒரு மேட்டில் ஏறிக் குதித்து, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான தரையில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். வண்டியும் ஆளுமாக 230 கிலோ. தரையைத் தொடும்போது கீழ்நோக்கிய வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர். அந்த வேகத்தை சஸ்பென்ஷன் தனக்குள்ள இடத்துக்குள் விழுங்க வேண்டும். மோட்டோகிராஸ் வண்டியில் அந்த இடம் ஏறத்தாழ 300 மில்லிமீட்டர். மொத்த எடையைப்போல் நான்கு மடங்குக்குச் சற்று மேலான சராசரி விசையோடு வேலை முடிந்துவிடும். 190 மில்லிமீட்டர்தான் இருக்கிறதென்றால் அது ஆறு மடங்கைத் தாண்டும். சாதாரண சாலை பைக்கின் 130 மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஒன்பது மடங்கு. ஃபோர்க் அடிவரை போய் 'டணார்' என்று இடிக்கும் சத்தம் அதுதான். மிச்ச விசை ஸ்டியரிங் தலையில் உள்ள வெல்டிங்குக்கும், ஓட்டுகிறவனின் மணிக்கட்டுக்கும் முதுகெலும்புக்கும் போகிறது. லேத்தில் கடைந்து இதைச் சரிசெய்ய முடியாது. ஆனால் நம் வழக்கத்தில் முதல் செலவு சைலன்சருக்கு, இரண்டாவது என்ஜின் துளைகளைச் செதுக்கும் போர்ட்டிங்குக்கு, மூன்றாவது ஸ்டிக்கருக்கு. சஸ்பென்ஷன் கடைசி. வேகத்தைக் கூட்டிவிட்டு விழுவதைத் தாங்கும் சக்தியை அப்படியே விட்டுவைக்கும் இந்த வரிசை தப்பு என்பதை எவ்வளவு உரக்கச் சொன்னாலும் தகும்.

2011இல் ஹீரோ இம்பல்ஸ் வந்தபோது இந்த இடைவெளியை அடைக்க ஒருவர் வந்துவிட்டார் என்று தோன்றியது. நல்ல சேசிஸ், பலமில்லாத 150 சிசி என்ஜின். விற்பனை இல்லாமல் நின்றுபோனது. 2019 மே மாதம் ஒரு லட்சத்தை ஒட்டிய விலையில் வந்த ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200தான் உண்மையான திருப்பம். முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 18, முன் சஸ்பென்ஷன் 190 மில்லிமீட்டர், பின்னால் 170. சாலையில் ஓட்டி வேலைக்குப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை மண்ணில் இறக்கலாம். அடுத்த ஆண்டு 38,000 ரூபாய்க்கு ஒரு ராலி கிட் கொடுத்தார்கள். முன்னால் 250, பின்னால் 220 மில்லிமீட்டராக உயர்ந்தது. 2023இல் அதே அளவுகளைக் கம்பெனியிலேயே பொருத்தி 4வி புரோ வந்தது. வண்டியை மாற்றும் வேலையைக் கம்பெனியே எடுத்துக்கொண்டது என்பதில்தான் எக்ஸ்பல்ஸின் பெருமை இருக்கிறது. பட்டறை செய்ய முடியாத பகுதியை அது செய்து கொடுத்தது. 2022இல் ஹீரோ தொடங்கிய டர்ட் பைக்கிங் சேலஞ்ச், அணியோ ஸ்பான்சரோ இல்லாத சாதாரண ஆட்களுக்குக் கதவைத் திறந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எக்ஸ்பல்ஸின் குறை எடை. 4வி மாடல் 160 கிலோவை நெருங்குகிறது. மோட்டோகிராஸ் வண்டிகளோ 105 முதல் 110 கிலோ. ஐம்பது கிலோ சிமென்ட் மூட்டையைச் சேர்த்துச் சுமந்துகொண்டு ஒவ்வொரு வளைவிலும் திருப்புகிறோம் என்று பொருள். 19 குதிரைசக்தி என்ஜின் அதை இழுக்கத் திணறும். புரோ மாடலின் 891 மில்லிமீட்டர் சீட் உயரம் ஐந்தரை அடி ஆளுக்குக் கால் எட்டாத உயரம். ஸ்டார்ட்டிங் லைனில் நிற்கும்போதே அது மனதில் பயத்தை விதைத்துவிடும்.

டிவிஎஸ்ஸைப் பற்றி எழுதும்போது எனக்குக் கொஞ்சம் வருத்தம் வருகிறது. 1982இல் பந்தய அணி தொடங்கிய நிறுவனம், ஓசூரில் இருக்கிறது, நம்ம ஊர்க் கம்பெனி என்ற பாசமும் உண்டு. தேசிய சூப்பர்கிராஸிலும் ராலிகளிலும் எத்தனையோ பட்டங்கள். அவ்வளவு அனுபவமும் மண்ணுக்கென்ற ஒரு சிறிய, எளிய வண்டியாக ஷோரூமுக்கு வரவில்லை. 2025 அக்டோபரில் வந்த அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 300 நல்ல பயண வண்டி. 180 கிலோ எடையும் 19 அங்குல முன்சக்கரமும் உள்ள அதைக் குதிக்கும் தடத்தில் ஓட்டச் சொல்ல மாட்டேன்.

கேடிஎம் 390 எண்டியூரோ ஆர் 2025 ஏப்ரலில் 3.36 லட்சத்துக்கு வந்தது. 46 குதிரைசக்தி. தொடக்கக்காரன் கையில் அது தேவைக்கு மீறிய பலம். செம்மண் வளைவில் ஆக்சிலரேட்டரைச் சற்று அதிகமாகத் திருகினால் பின்சக்கரம் முன்னே வந்துவிடும். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாறியதில் 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவை 40க்குப் போயின. தொடக்கக்காரர்கள் சிறிய என்ஜினில் பழக வேண்டும் என்று சொல்லும் எனக்கு அந்த வரி வித்தியாசம் நல்லதாகவே படுகிறது.

என் பார்வையில் விளையாட்டின் முகத்தை மாற்றக்கூடிய செய்தி கவாசாகியிடமிருந்து வந்தது. சாலைக்கு வெளியே மட்டும் ஓட்டக்கூடிய கேஎல்எக்ஸ் 230ஆர் எஸ் வண்டியை 5 லட்சத்துக்கு மேல் விற்றுக்கொண்டிருந்தவர்கள், 2025இல் இந்தியாவிலேயே தயாரித்து 2 லட்சத்துக்குள் கொண்டுவந்தார்கள். எடை ஏறத்தாழ 130 கிலோ. பிறக்கும்போதே மண்ணுக்குப் பிறந்தது. எளிய, காற்றில் குளிரும் என்ஜின், வருடக்கணக்கில் அடிதாங்கும். நம்பர் பிளேட் கிடையாது என்பது ஒன்றுதான் தடை. இரண்டு நண்பர்கள் சேர்ந்து வாங்கினால் ஏற்றிச் செல்லும் வாடகையும் பாதியாகும்.

அப்படியானால் 250 சிசி மோட்டோகிராஸ் வண்டியைப் பழையதாக, மலிவாக வாங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வண்டிகளின் வயதைக் கிலோமீட்டரில் கணக்கிடுவதில்லை, ஓடிய மணியில் கணக்கிடுவார்கள். சில மணி ஓட்டத்துக்கு ஒருமுறை ஆயில், ஐம்பது மணியை ஒட்டிப் புதிய பிஸ்டன் என்பது பொதுவான கணக்கு. வாரம் இரண்டு மணி ஓட்டினால் ஆறு மாதத்துக்கு ஒரு பிஸ்டன். மணி மீட்டர் இல்லாத, பராமரிப்புக் குறிப்பு இல்லாத பழைய மோட்டோகிராஸ் வண்டியை எந்தப் பிராண்டானாலும் வாங்கக் கூடாது.

இனி நம் மண்ணுக்கு வருகிறேன். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில், கிளுவை வேலிக்குள் ஓட்டிப் பார்த்தால் எந்த நிறுவனத்தின் விளம்பரமும் சொல்லாத இரண்டு எதிரிகள் தெரிவார்கள். ஒன்று புழுதி. மாவு போன்ற செம்மண் ஏர் ஃபில்டரில் படிந்து, உள்ளே போனால் சிலிண்டரை அரம் போல் தேய்க்கும். எண்ணெயில் நனைத்த பஞ்சு ஃபில்டரை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கழுவிக் காயவைத்து, மறுபடி எண்ணெய் தடவிப் பிழிய வேண்டும். பிழிந்த பஞ்சில் எண்ணெய் எல்லா இடத்திலும் ஒரே நிறமாகப் பரவியிருக்க வேண்டும், ஒரு வெள்ளைத் திட்டு இருந்தாலும் அந்த வழியாகப் புழுதி நுழையும். கையை உள்ளே விட்டு ஃபில்டரை எடுக்க எளிதான வண்டி எது என்பது நம் ஊரில் குதிரைசக்தியைவிட முக்கியமான கேள்வி. இன்னொன்று சீமைக்கருவேல முள். ஸ்போக் சக்கரத்தில் பெரும்பாலும் டியூப்தான் இருக்கும். பிடிமானத்துக்காகக் காற்றைக் குறைத்தால் சுக்கான் கல்லில் இடித்து டியூப் ரிம்மில் நசுங்கிக் கிழியும், கூட்டி வைத்தால் வழுக்கும். தடித்த டியூப் போட்டு, ஒவ்வொரு தடத்திலும் காற்றை அளந்து குறித்து வைத்துக்கொள்கிறவன் முன்னால் வருவான்.

பாதுகாப்புக் கவசங்களைப் பற்றி நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நல்ல ஹெல்மெட், கண்ணாடி, மார்புக் காப்பு, முழங்கால் காப்பு, கணுக்காலைப் பூட்டிப் பிடிக்கும் பூட்ஸ் எல்லாம் சேர்ந்தால் பெருந்தொகை ஆகும். அந்தத் தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மிச்சப் பணத்துக்கு எந்த வண்டி வரும் என்று பார்க்க வேண்டும். மிச்சம் ஒரு பழைய எக்ஸ்பல்ஸுக்குத்தான் வரும் என்றால், அதுதான் சரியான வண்டி. ஜீன்ஸும் கேன்வாஸ் ஷூவும் போட்டுக்கொண்டு புறவழிச்சாலை ஓரத்து மண்ணில் பந்தயம் விடுவது சட்டப்படியும் குற்றம். பொது இடத்தில் அனுமதியில்லாத பந்தயத்தை மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு தடைசெய்கிறது.

போட்டி நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. இந்தியத் தயாரிப்பு வண்டிகளுக்கான தொடக்கப் பிரிவில் என்ஜினை முத்திரை வைத்துப் பூட்டுங்கள். சஸ்பென்ஷனையும் டயரையும் எவ்வளவு வேண்டுமானாலும் மாற்ற அனுமதியுங்கள். கவசம் பார்த்த பிறகே வண்டியைத் தடத்தில் விடுங்கள். சைலன்சருக்குப் போகும் பணம் தானாக ஃபோர்க்குக்குப் போகும். அப்படி ஒரு பிரிவில் எக்ஸ்பல்ஸும் கேஎல்எக்ஸும் பக்கத்துப் பக்கத்தில் நின்று கிளம்பினால் எந்தப் பிராண்டு மேல் என்று அப்போது பேசலாம்; அந்தப் பேச்சில் கலந்துகொள்ள நான் முதல் ஆளாக வருவேன்.