பூட்டு இருந்தது, இடம்தான் தப்பு

லினக்ஸ் கெர்னலின் நெட்வொர்க்கிங் பகுதியில் ஏஎஃப்_பாக்கெட்.சி என்று ஒரு கோப்பு இருக்கிறது. டிசிபிடம்ப், வயர்ஷார்க் எல்லாம் லினக்ஸில் பாக்கெட்டுகளைப் பிடிப்பது இதை நம்பித்தான். 2016-லிருந்து இந்த ஒரே கோப்பில் வந்த ரேஸ் கண்டிஷன் திருத்தங்கள் சிலவற்றை வரிசையாக வைத்துப் படித்தேன். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சரியான திருத்தம். சேர்த்துப் பார்த்தால் ஒரு குறை கண்ணில் படுகிறது.

ரேஸ் கண்டிஷன் பழக்கமில்லாதவர்களுக்கு: வாடகை வீடு காலியா இருக்கான்னு ஒருத்தர் பார்க்கிறார். காலி. அட்வான்ஸ் பணம் எடுக்க ஏடிஎம் போகிறார். திரும்பி வருவதற்குள் இன்னொருத்தர் சாமானை இறக்கிவிட்டார். முதல் ஆள் பார்த்தது பொய்யில்லை. பார்த்ததற்கும் செய்ததற்கும் நடுவில் நிலைமை மாறிப்போச்சு, அவ்வளவுதான். கெர்னலில் இந்த இரண்டு பேரும் இரண்டு த்ரெட்டுகள். இடைவெளி மிகச் சிறியது. ஆனால் தாக்குபவர் அலுக்காமல் திரும்பத் திரும்ப முயற்சி செய்யலாம்; ஒரு தடவை மாட்டினால் போதும்.

2016 டிசம்பரில் ஃபிலிப் பெட்டர்சன் வெளியிட்ட சிவிஇ-2016-8655-ஐ எடுத்துக்கொள்வோம். பாக்கெட் சாக்கெட்டில் கெர்னலும் நம் புரோகிராமும் பகிர்ந்துகொள்ளும் ஒரு ரிங் பஃபர் உண்டு. அதை அமைக்கும் ஃபங்க்ஷனின் பெயர் பாக்கெட்_செட்_ரிங். 2011 ஆகஸ்டில் இதற்கு வி3 என்ற மூன்றாவது வடிவம் சேர்ந்தது. வி3-இல் பாக்கெட்டுகள் தொகுதி தொகுதியாக வரும். ஒரு தொகுதி நிரம்பவில்லை என்பதற்காக முடிவில்லாமல் காத்திருக்கக் கூடாது. அதற்கு ஒரு டைமர். ரிங்கை அமைக்கும்போது வெர்ஷன் வி3 என்றால் டைமர் தயாராகும். சாக்கெட்டை மூடும்போதும் வெர்ஷனைப் பார்த்து, வி3 என்றால் மட்டும் டைமரை நிறுத்தும்.

வெர்ஷனை மாற்றும் ஆப்ஷன் ஒரே ஒரு கேள்விதான் கேட்கும்: ரிங் ஏற்கெனவே இருக்கா? டைமர் தயாரான பிறகு, ரிங் சாக்கெட்டோடு இணைக்கப்படுவதற்கு முன், இன்னொரு த்ரெட் இந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் 'இல்லை'. உடனே வெர்ஷனை வி1 ஆக்கிவிடலாம். அப்புறம் சாக்கெட்டை மூடினால் டைமர் நிற்காது. சாக்கெட்டின் நினைவகம் விடுவிக்கப்பட்ட பிறகு அது அடிக்கும். அந்த இடத்தைத் தாக்குபவர் தனக்கு வேண்டியபடி நிரப்பி வைத்திருந்தால், சாதாரண யூசர் ரூட் ஆகிவிடுவார். பாக்கெட் சாக்கெட் திறக்கத் தனி அனுமதி வேண்டுமே என்றால், யூசர் நேம்ஸ்பேஸ் திறந்திருக்கும் கணினிகளில் அந்த அனுமதியை யார் வேண்டுமானாலும் தனக்குள் உருவாக்கிக்கொள்ளலாம். ஒரே கெர்னலைப் பலர் பகிரும் கன்டெய்னர் உலகத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

இனி திருத்தத்துக்கு வருவோம். பாக்கெட்_செட்_ரிங்கில் சாக்கெட் லாக் முன்பே இருந்தது! டைமர் வேலை எல்லாம் முடிந்த பிறகு, ஃபங்க்ஷனின் நடுவில் போடப்பட்டிருந்தது. அதை ஃபங்க்ஷனின் தொடக்கத்துக்கு நகர்த்தினார்கள். வெர்ஷன் மாற்றும் இடத்திலும் அதே லாக்கைப் போட்டார்கள். சின்ன, சுத்தமான பேட்ச்.

என் விமர்சனம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. வெர்ஷன் ஆப்ஷனுக்கு அடுத்தபடியே ரிசர்வ் என்ற ஆப்ஷன் இருக்கிறது. அதுவும் 'ரிங் இருக்கா' என்று அதே கேள்வியைக் கேட்டுவிட்டு, லாக் இல்லாமல் ஒரு மதிப்பை மாற்றுகிறது. ஒரு ஸ்க்ரோல் தூரம்கூட இல்லை. அதைத் தொடவில்லை. 2017 ஆகஸ்டில் அது சிவிஇ-2017-1000111 ஆக வந்தது. அந்த அறிவிப்பே, இது 8655 போன்றது, தீர்வும் அதே மாதிரி என்று சொல்லியது. 2018-இல் இன்னொரு பேட்ச். ஒரே வேர்டில் அடுத்தடுத்து இருக்கும் ஒற்றை பிட் கொடிகளை இரண்டு த்ரெட்டுகள் ஒரே நேரத்தில் மாற்றினால், ஒன்றின் மாற்றத்தை இன்னொன்று அழித்துவிடலாம். அதற்காக மீதி ஆப்ஷன்கள் சிலவற்றுக்கும் அதே லாக் வந்தது. ஆக, ஒரே விதி மூன்று தவணையில், மூன்று வருஷத்தில் அமலானது.

எந்த விதி? 'ரிங் இருக்கிறதா என்று பார்த்து முடிவெடுப்பவர், ரிங்கை உருவாக்குபவர் பிடிக்கும் அதே லாக்கைப் பிடித்திருக்க வேண்டும்.' ஒரு வரிதான். 2016-இல் கேட்கப்பட்ட கேள்வி 'எந்த வரியில் ரேஸ்?' என்பது. கேட்டிருக்க வேண்டியது, 'எந்த விதி மீறப்பட்டது, அதை வேறு யார் மீறுகிறார்கள்?' என்பது.

மறுபக்கமும் இருக்கு. பாதுகாப்புத் திருத்தம் சின்னதாக இருக்க வேண்டும். பழைய ஸ்டேபிள் கெர்னல்களுக்குக் கொண்டுபோக வேண்டும். ஸ்டேபிள் விதிகளே பேட்ச் 100 வரிகளைத் தாண்டக் கூடாது என்கின்றன. அவசரத்தில் கூடுதலாக எதையாவது தொட்டுக் கெடுத்துவிடக் கூடாது என்ற பயமும் நியாயமானதுதான். ஆனால் அது முதல் பேட்ச் சின்னதாக இருப்பதற்கான காரணம். இரண்டாவது பேட்ச் வராமல் இருப்பதற்கு அல்ல.

இப்போது கேசிஎஸ்ஏஎன் இருக்கே, ரேஸை அதுவே பிடிக்காதா என்று கேட்கலாம். 2020-இல், 5.8 கெர்னலில் வந்த நல்ல கருவி அது. ஒரே நினைவிடத்தை இரண்டு பேர் ஒழுங்கில்லாமல் தொட்டால் காட்டிக்கொடுக்கும். ஆனால் 2025-இல் திருத்தப்பட்ட சிவிஇ-2025-38617-ஐப் பாருங்கள். மறுபடியும் அதே பாக்கெட்_செட்_ரிங். இந்த முறை பைண்ட் லாக் என்ற வேறொரு லாக் சரியாகவே பிடிக்கப்படுகிறது. நடுவில் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு மீண்டும் பிடிக்கிறார்கள். அந்த இடைவெளியில் நெட்வொர்க் இடைமுகம் 'அப்' ஆன செய்தி வந்து, கழற்றி வைத்த சாக்கெட்டை மறுபடி மாட்டிவிடுகிறது. இரண்டு பக்கமும் லாக்கோடுதான் தொடுகிறார்கள். விதிதான் உடைகிறது. இந்த மாதிரி தர்க்க ரேஸைக் கண்டுபிடிப்பது அந்தக் கருவியின் வேலையே இல்லை. இன்னும் ஒன்று: இதே வடிவ ரேஸ் பைண்ட் செய்யும் பகுதியில் 2017-லேயே திருத்தப்பட்டிருந்தது. பக்கத்து ஃபங்க்ஷனை அப்போதும் யாரும் பார்க்கவில்லை.

பெரிய மறுசீரமைப்பு எதையும் நான் கேட்கவில்லை. எந்த லாக் எந்த மதிப்பைக் காக்கிறது என்று ஸ்ட்ரக்ட்டுக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்கலாம். முடிந்த இடத்தில் லாக்டெப் அசர்ட் போட்டு அதை கெர்னலே சரிபார்க்கும்படி செய்யலாம். லாக்கை நடுவில் விடும் ஒவ்வொரு இடத்திலும், அந்த நேரத்தில் யார் உள்ளே வரலாம் என்று ஒரு கமென்ட். இது பராமரிப்பாளர்களின் தலைக்குள் மட்டும் இருக்கும்வரை, ஒவ்வொரு மீறலையும் ஒரு தாக்குபவரோ ஒரு ஃபஸ்ஸரோதான் நமக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கும்.

நீங்கள் கெர்னல் எழுதாதவராக இருந்தாலும் இது பொருந்தும். அடுத்த தடவை ஒரு ரேஸ் திருத்தத்தை ரிவ்யூ பண்ணும்போது, அதில் உள்ள இஃப் நிபந்தனையை அப்படியே எடுத்து அந்தக் கோப்பில் கிரெப் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை. 2016-இல் அதைச் செய்திருந்தால் ரிசர்வ் அன்றைக்கே கிடைத்திருக்கும்.