அட்டவணை சொல்லாத மின்முறிவு

இயற்பியல் பாடநூல்கள் பலவற்றில் மின்காப்பைப் பற்றிய பகுதி ஓர் அட்டவணையோடு முடிந்துவிடுகிறது. காற்று ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 3 கிலோவோல்ட் தாங்கும். மைக்காவும் பாலிதீனும் அதைப்போல் பல மடங்கு தாங்கும். வெற்றிடத்தில் அயனியாக்குவதற்கு வாயுவே இல்லை. குளிர்ந்தால் காப்புப் பொருளின் மின்தடை கூடும். இவற்றைப் படித்த மாணவன், வெற்றிடமும் கடுங்குளிரும் சேர்ந்த இடத்தில் மின்முறிவைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று முடிவு கட்டினால் அவன் மேல் குற்றமில்லை. பாடம் அவனை அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது.

உண்மை வேறு. வெற்றிடத்தில் இரண்டு மின்வாய்களுக்கு இடையே ஒரு பீங்கான் துண்டை நிறுத்துவோம். பீங்கானைத் துளைத்துக்கொண்டு மின்சாரம் பாய்வது அரிது. அதன் மேற்பரப்பை ஒட்டியே பாய்ந்துவிடும். அதுவும், பீங்கான் இல்லாத வெறும் இடைவெளி தாங்கும் மின்னழுத்தத்தைவிடக் குறைந்த அளவிலேயே! உலோகம், பீங்கான், வெற்றிடம் மூன்றும் சந்திக்கும் விளிம்பில் மின்புலம் செறிவடைகிறது. எதிர்மின்வாய்ப் பக்கத்து விளிம்பிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான் பீங்கானில் மோதி, ஒன்றுக்கு மேற்பட்ட எலெக்ட்ரான்களை வெளியேற்றுகிறது. அவை மேலும் முன்னேறி மோதுகின்றன. இந்த மோதல்களால், பரப்பில் ஒட்டியிருந்த வாயு வெளிப்படுகிறது. இல்லை என்று நாம் சொன்ன வாயு இப்படித்தான் வந்து சேர்கிறது. குளிர்ந்த பரப்பிலோ, சுற்றிலும் எஞ்சியிருந்த வாயுக்கள் உறைந்து படிந்திருக்கும். பீங்கானில் தேங்கிய மின்னூட்டமும் எளிதில் கசிந்து போகாது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. புதிய துண்டு முதல் தடவையில் குறைந்த மின்னழுத்தத்திலேயே முறியும். சில முறிவுகளுக்குப் பிறகு அதே துண்டு கூடுதலாகத் தாங்கும். இதில் எந்த எண்ணை அட்டவணையில் எழுதுவது?

என் பெரிய குறை பாஷன் வரைபடத்தைப் பற்றியது. ஜெர்மானியரான பாஷன் 1889-இல் கண்ட விதியின்படி, மின்முறிவுக்கு வேண்டிய மின்னழுத்தம் வாயுவின் அழுத்தத்தையும் மின்வாய்களின் இடைவெளியையும் பெருக்கி வரும் தொகையைப் பொறுத்தது. வாயு மிக அடர்ந்திருந்தால், இரு மோதல்களுக்கு இடையே எலெக்ட்ரான் போதிய ஆற்றலைப் பெறாது. மிக அரிதாக இருந்தால் மோதுவதற்கே அணு கிடைக்காது. நடுவில் ஓர் ஆபத்தான பள்ளம் இருக்கிறது. காற்றுக்கு அது சுமார் 330 வோல்ட், ஹீலியத்துக்கு அதனினும் குறைவு. ஆனால் எலெக்ட்ரானுக்குத் தெரிந்தது அணுக்களின் நெருக்கம்தான்; அழுத்தம் என்பது அறை வெப்பநிலையில் நாம் கையாளும் ஒரு வசதி. 4 கெல்வினில் உள்ள ஹீலியம், அதே அழுத்தத்தில் 300 கெல்வினில் இருப்பதைப்போல் ஏறக்குறைய 75 மடங்கு அடர்த்தி உடையது. வரைபடத்தின் அச்சில் அழுத்தம் என்று மட்டும் அச்சிட்டு, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் விடுவது சிறு பிழையன்று. குளிர்கலத்துக்கு வெளியே, அறையின் வெப்பத்தில் இருக்கும் அழுத்தமானியை நம்பிக் கணக்கிடுபவர் பள்ளத்தில் எங்கே நிற்கிறோம் என்பதையே அறியமாட்டார்.

வெற்றிடம் என்றும் வெற்றிடமாகவே இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. ஜெனிவாவுக்கு அருகே செர்ன் நிலையத்தின் பெரிய துகள் முடுக்கியில் 2008 செப்டம்பர் 19 அன்று, காந்தங்களுக்கு இடையிலிருந்த மின் இணைப்பு ஒன்று பழுதாகி மின்வில் எழுந்தது. அது ஹீலியக் கலத்தைத் துளைத்தது; 1.9 கெல்வின் குளிரைக் காத்துவந்த வெற்றிடத்துக்குள் ஹீலியம் பாய்ந்தது. முதற்காரணம் மோசமான இணைப்பே, காப்புப் பொருளன்று. ஆயினும் நல்ல வெற்றிடம் எவ்வளவு விரைவில் வாயு நிறைந்த அறையாகிவிடும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

பிரான்சில் கட்டப்பட்டுவரும் இட்டர் அணுக்கருப் பிணைவு உலையின் காந்தச் சுருள்களுக்குப் பாஷன் சோதனை என்றே ஒன்று உண்டு. சுருளைச் சுற்றியுள்ள வாயுவின் அழுத்தத்தைப் படிப்படியாக மாற்றி, ஒவ்வொரு படியிலும் உயர் மின்னழுத்தம் கொடுத்துப் பார்க்கிறார்கள். திறந்த காற்றிலும் உயர் வெற்றிடத்திலும் தேறிவிடக்கூடிய மயிரிழை விரிசல், இடைப்பட்ட அழுத்தத்தில்தான் அகப்படும்.