ஈரத்தை நாடுகிறதா, ஈரத்தில் நின்றுவிடுகிறதா?

அலை தொட்டு மீளும் பாறைகளில் ஓடித்திரியும் லிஜியா, நண்டு, இறால் இனத்தைச் சேர்ந்த சிறு பிராணி. அதன் தரைவாழ் உறவினரைப் பார்க்கக் கண்டிவாசிகள் கடற்கரைக்குப் போகத் தேவையில்லை. தோட்டத்துப் பூச்சாடியைத் தூக்கினால், பதினான்கு கால்களோடு சிதறி ஓடும். பூச்சிகளுக்கு உள்ளதுபோல் நீரிழப்பைத் தடுக்கும் நல்ல மெழுகுப்படை இவற்றுக்கு இல்லை. வறண்ட காற்று இவற்றுக்கு எமன்.

இவற்றின் ஈர உணர்வை ஆராயும் பழகிய வழி 'தெரிவு அறை'. மூடிய பெட்டியில் வலைத்தட்டின் கீழ் ஒருபுறம் நீர், மறுபுறம் ஈரம் உறிஞ்சும் கல்சியம் குளோரைட்டு. தட்டின்மேல் பிராணிகளை விட்டு, எப்பக்கம் எத்தனை என்று எண்ணுவார்கள்.

முறையின் பலம் அதன் எளிமை. செலவு குறைவு, சாரீரப்பதனையும் விரும்பியவாறு அமைக்கலாம். 25 பாகை செல்சியசில், மூடிய வெளியில், கறியுப்பின் நிரம்பற் கரைசல் ஏறத்தாழ 75 சதவீதத்தையும் மகனீசியம் குளோரைட்டுக் கரைசல் 33 சதவீதத்தையும் தரும். போர்செலியோ ஸ்கேபர் என்னும் தரைவாழ் இனம் ஈரக்காற்றில் பெரும்பாலும் அசையாமலும் வறண்ட காற்றில் நடந்துகொண்டும் இருப்பதை டி. எல். கன் 1937இல் காட்டியதும் இத்தகைய அறையைக் கொண்டுதான். திசையறிந்து போகாமலே, ஈரமான இடத்தில் நின்றுவிடுவதால் மட்டும் கூட்டம் சேரலாம் என்பது அதன் பொருள்.

முறையின் பெருங்குறையும் இங்கேயே இருக்கிறது. கடைசியில் தலையெண்ணினால், தேடிவந்ததும் தற்செயலாக வந்து நின்றதும் ஒன்றுபோலத் தெரியும். இப்பிராணிகள் ஒன்றையொன்று ஒட்டிக் குவியும் இயல்புடையவை. ஆகவே பத்துப் பிராணிகள் பத்துத் தனிச் சாட்சிகள் ஆகா. நீர் ஆவியாகும் பக்கம் சற்றுக் குளிர்வதால், அவை நாடியது ஈரத்தையா குளிர்ச்சியையா என்ற ஐயமும் எழும். கண்டியின் மழைக்காலக் காற்று மூடியிடுக்கால் புகுந்தால் 'வறண்ட' பக்கமே ஈரமாகிவிடும். இரு பக்கமும் சமமாகப் பரவும் பிராணிகளைக் கண்டு, உணர்வே இல்லையெனத் தவறாக முடிவுகட்ட நேரும்.

லிஜியாவின் விடயம் இன்னும் சிக்கலானது. லிஜியா எக்சோற்றிக்கா என்னும் இனம் பின்புறக் கால்களின் நுண்மயிர்கள் வழியே, நுண்துளைக் கவர்ச்சியால், பாறையில் படிந்த நீரை உடலுக்கு ஏற்றிக்கொள்ளும். காற்றின் ஈரத்தை மட்டும் அளக்கும் பெட்டியில் இந்த வழிக்கு இடமில்லை. எந்த உறுப்பு ஈரத்தை உணர்கிறது என்பதையும் அது சொல்லாது.

அறையைக் கைவிட வேண்டியதில்லை; பயன்படுத்தும் விதமே மாறவேண்டும். பிராணிகளைத் தனித்தனியே விட்டு நடைபாதையையும் வேகத்தையும் பதியவேண்டும். இரு பக்கத்திலும் வெப்பநிலையும் ஈரப்பதனும் அளக்கவேண்டும். பக்கங்களை மாற்றியும், இருபுறமும் ஒரே ஈரம் வைத்தும் ஒப்பிடவேண்டும். இவை செய்யாதவரை 'ஈரத்தை விரும்புகிறது' என்று எழுதுவது அவசரம். செய்துபார்க்கும் மாணவர்கள் உடவத்தகெலே சரணாலயத்தில் கைவைக்காமல் வீட்டுத்தோட்டத்திலேயே பிராணிகளை எடுத்து, வேலை முடிந்ததும் அங்கேயே விட்டுவிடுங்கள்.