எழுபது இடத்துக்குள் ஒரு சுகர் மாத்திரை

சுகர் மாத்திரையை நினைவூட்ட எத்தனையோ செயலிகள் வந்துவிட்டன. கம்பம் பள்ளத்தாக்கின் தோட்ட வேலைக்காரர்கள் பலருக்குக் கைகொடுப்பது பட்டன் போனுக்கு வரும் சாதாரண எஸ்எம்எஸ்தான். டேட்டா கேட்காது, ஸ்மார்ட்போன் கேட்காது, பேட்டரியையும் தின்னாது.

அதன் வலிமைக்குச் சான்றும் உண்டு. சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 537 ஆண்களை இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். குறுஞ்செய்தி கிடைக்காதவர்களில் 27 சதவீதம் பேருக்கு நோய் வந்தது; கிடைத்தவர்களில் 18 சதவீதம். அது நோயைத் தடுக்கும் முயற்சி. மாத்திரையைத் தவறாமல் போடவைப்பது வேறு வேலை. அங்கேதான் தமிழ் எஸ்எம்எஸ் இடறுகிறது.

ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட். ஆங்கிலத்தில் 160 எழுத்து அடங்கும். தமிழில் 70 இடம்தான். அதிலும் உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனி இடம் போய்விடும். 'மாத்திரை' நம் கண்ணுக்கு நாலெழுத்து, போனுக்கு எட்டு. 'சாப்பிட்டபின் மாத்திரை போடுங்கள்' என்றாலே 32 இடம் காலி. வணக்கம், பெயர், மருத்துவமனை, தொலைபேசி எண் என்று அடுக்கினால் செய்தி இரண்டு மூன்று துண்டாகிறது. பழைய போன்கள் சிலவற்றில் துண்டுகள் சேராமல், தலையும் வாலும் மாறிக் கிடக்கும். வெறும் கட்டங்களாகத் தெரிகிற போன்களும் உண்டு. ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அனுப்புவது தீர்வே இல்லை. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பெரியவருக்கு அது எதையும் சொல்லாது.

இடம் போதாதபோது அனுப்புகிறவர்கள் முதலில் வெட்டுவது 'காலை', 'இரவு' என்ற சொற்களை. சமதளத்தில் இது பெரிய குறையாகத் தெரியாது. ஆனால் விடியும் முன்னே ஜீப் ஏறி, லோயர் கேம்ப் தாண்டிக் குமுளிப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறவர்களை நினைத்துப் பாருங்கள். மலைச்சரிவில் சிக்னல் போய்விடும். செய்தியோ அழியாமல் காத்திருந்து, சிக்னல் கிடைத்ததும் போனுக்குள் குதிக்கும். எஸ்எம்எஸ்ஸின் பெரிய குணமே இந்தப் பொறுமைதான். அதே பொறுமையால் காலை எட்டு மணிச் செய்தி மாலை ஐந்துக்கு 'மாத்திரை போடுங்கள்' என்று வந்து நிற்கும். காலையில் போட்டவர் மறந்துபோய் இன்னொன்று போட்டால்? கிளிமிபிரைடு போன்ற மாத்திரையில் சர்க்கரை தாழ்ந்து, வேர்த்து, மயக்கம் வரை போகலாம். அதுவும் மலையிறங்கும் ஜீப்பில்.

இதைச் சரிசெய்யப் புதுக் கருவி எதுவும் வேண்டாம். எத்தனை மணி நேரத்துக்குள் போய்ச் சேராவிட்டால் செய்தி காலாவதியாக வேண்டும் என்று குறிக்கும் வசதி எஸ்எம்எஸ் தரத்திலேயே இருக்கிறது. காலை மாத்திரைச் செய்திக்கு இரண்டு மணி நேரம் போதும். நேரத்தையும் வெட்ட வேண்டியதில்லை: 'காலை சுகர் மாத்திரை போட்டாச்சா?' என்பதற்கு 31 இடம்தான். மீதி 39 இடத்தில் வீட்டார் அழைக்கும் பெயரையும் முறையையும் சேர்க்கலாம். மருத்துவமனைப் பெயரைக் கடைசியில் வைத்தால் போதும்.

தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபின் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. மாத்திரையோடு வருகிற ஊழியரே, 'எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புவீங்க?' என்று கேட்டுக் குறித்துக்கொண்டால் செய்தி ஜீப்புக்கு முன்பே வந்துவிடும்.