கிழங்கும் வசந்தமும்

புதுக்கவிதையில் வசந்தம் வருஷம் முழுக்க வந்துகொண்டேயிருக்கிறது. வாசிக்கக் கிடைக்கிற கவிதைகளில் மாதம் ஒன்றாவது, தளிர் மண்ணைப் பிளந்து மீண்டு வருவதில் முடிகிறது. எந்தச் செடி, எந்த மாதம் என்று எழுதியவரைக் கேட்டால் பதில் இராது.

ஆங்கில இலக்கியம் படித்த பலருக்கு இந்தப் படிமம் எலியட் கொடுத்தது. 1922-ல் 'பாழ்நிலம்' வெளியானபோது அவர் லண்டனில் வங்கி உத்தியோகத்தில் இருந்தார் (எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம்). அவருடைய ஏப்ரலும் கிழங்கும் அந்த ஊரில் நிஜம். குளிரில் உறங்கிய கிழங்கு அங்கே ஏப்ரலில் விழித்தாக வேண்டும். இங்கே ஏப்ரலில் அது உறங்குகிறது, மழைக்குத்தான் விழிக்கும். இளவேனிலில் வேம்பு பூக்கிறது, புங்கன் தளிர்க்கிறது, வாஸ்தவம். அவை மரங்கள். தரையோடு மடிந்து திரும்பும் செடியின் விஷயம் வேறு.

எங்கள் கொல்லை வேலியில் காந்தள் இருக்கிறது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்கும்போது முதலில் சொல்வது இதைத்தான். பூ புரட்டாசி, ஐப்பசியில். தை, மாசிக்குள் கொடி காய்ந்துவிடும். சித்திரையில் அந்த இடத்தில் ஒன்றுமே தெரியாது. ஒரு முறை, கொடி மடிந்தபின் தோண்டிப் பார்த்தேன். அந்தக் கொடியை முளைக்க வைத்த கிழங்கு சக்கையாகச் சுருங்கிக் கிடந்தது. பக்கத்தில், கொடி இருந்த மாதங்களில் உண்டான புதுக் கிழங்கு, கலப்பை வடிவத்தில். விஷம், கையைக் கழுவு என்று அம்மா சத்தம் போட்டாள். மீண்டு வந்ததாக நாம் எழுதுகிற கிழங்கு உண்மையில் மீளவில்லை. அடுத்த மழைக்கு முளைப்பது இன்னொன்று.

சேனை இன்னும் சங்கடம். தோண்டாமல் விட்ட கிழங்கு, சில வருஷம் கழித்து, கோடை மழைக்குப் பின் இலைக்கு முன்னால் பூவை அனுப்பும். தரையோடு ஒட்டி, கருஞ்சிவப்பில், அழுகிய மாமிச நாற்றத்தோடு. அந்த நாற்றத்துக்குத்தான் பூச்சிகள் வருகின்றன. இதை நம் வசந்தக் கவிஞர் ஒருவரும் முகர்ந்ததாகத் தெரியவில்லை.

இதைச் சொல்ல எனக்கு யோக்யதை குறைவு. ஒன்பது வருஷத்துக்கு முன், அப்பா இறந்த மாசி கழிந்ததும், இதே வேலியை வைத்து ஒரு கவிதை எழுதினேன். அதில் காந்தள் ஏப்ரலில் துளிர்த்தது, துக்கம் ஆறியது. ஒரு சிற்றேட்டில் வந்தது. நண்பர்கள் பாராட்டினார்கள். அம்மா வாசித்துவிட்டு, "சித்திரையில ஏதுடா காந்தள்?" என்று மட்டும் கேட்டாள்.

கவிதைக்குத் தாவர சாஸ்திரம் எதற்கு என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது அந்தச் சமாதானம் நிற்கவில்லை. மாசியில் ஆரம்பித்த துக்கத்துக்கு மழைக்காலம் வரை பொறுக்க எனக்குத் திராணி இருக்கவில்லை. எலியட்டின் மாதத்தை இரவல் வாங்கி, இரண்டே மாதத்தில் அதை முடித்து வைத்தேன். வீட்டில் அது முடிந்திருக்கவில்லை. அம்மா அந்த வருஷம் ஐப்பசியில்தான் மறுபடி கொல்லைப் பக்கம் போனாள். வேலியில் நாலு பூ இருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் எழுதவில்லை.