வாள் நிற்கும் இடம்

வாள்வீச்சின் வரலாறு என்றதும் புத்தகங்கள் ஜெர்மனிக்கோ இத்தாலிக்கோ போய்விடும். இத்தாலிய ஆசான் ஃபியோரே தன் நூலை எழுதியது 1410 வாக்கில். அதற்கு அறுபது ஆண்டுக்கு முன்பே, 1348இல் டமாஸ்கஸில் காலமானவர் முகமது இப்னு ஈசா அல்-அக்ஸராயி. எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட மம்லூக் அரசின் வீரர்களுக்கான குதிரையேற்றம், ஈட்டி, வாள் எல்லாவற்றையும் ‘நிஹாயத் அஸ்-ஸூல்’ என்ற நூலில் தொகுத்தவர். குதிரை நூல் என்று முத்திரை குத்தியதால்தான் வாள் ரசிகர்கள் அதைப் புரட்டவில்லை என்று நினைக்கிறேன்.

வளைகுடாவில் இருக்கும் நாம் இதற்காக லண்டனுக்குப் போக வேண்டியதில்லை. 1371 வாக்கில் எழுதிய அந்த நூலின் ஓவியப் பிரதி பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. கத்தார் டிஜிட்டல் நூலகத்தின் இணையதளத்தில் அதை இலவசமாகப் பார்க்கலாம். அரபி தெரியாவிட்டாலும் படங்கள் போதும்.

முகங்களை விட்டுவிடுங்கள், எல்லாம் ஒரே சாயல். கைகளைப் பாருங்கள். கடிவாளம் எங்கே, வாள் எந்தக் கோணத்தில்? ஓடும் குதிரைமேல் வாள் வீசுகிறவன் முதலில் காப்பாற்ற வேண்டியது தன் முழங்காலையும் குதிரையின் காதையும்தான். குளத்தைச் சுற்றி நான்கு குதிரைவீரர்கள் வரும் படம் அழகு. ஆனால் எனக்குப் பிடித்தது இந்தப் படங்களின் பின்னால் இருக்கும் பயிற்சி. மம்லூக் வீரன் ஈரக் களிமண்ணை நாளுக்கு ஆயிரம் முறைவரை வெட்டிப் பழகுவான். தோளில் வலு வந்த பிறகுதான் கடினமான பாடம்: பஞ்சு மெத்தைமேல் காகிதங்களை அடுக்கி, சொன்ன அளவு தாள்களை மட்டும் வெட்ட வேண்டும். அடியில் இருப்பவற்றில் கீறல் விழக்கூடாது. ஆயிரம் வெட்டும் இந்த ஒரு நிறுத்தலுக்காகத்தான்.

இதே நுட்பத்தை நேரில் பார்க்க ஓமானின் ரஸ்ஹா ஆட்டத்துக்குப் போங்கள். பெருநாளிலும் கல்யாணங்களிலும் நடக்கும். வாளும் சிறு கேடயமுமாக இருவர் மோதுவார்கள். எதிராளியின் கேடயம் பிடித்த இடது கைக் கட்டைவிரலை வாளால் தொட்டவர் ஜெயித்தார். சிலம்பத்தில் தொட்டால் புள்ளி என்று கணக்கு வைக்கிற நமக்கு இது உடனே பிடிபடும். வாளை வானில் எறிந்து பிடிக்கும்போது கூட்டம் ஆரவாரிக்கும். அதையும் ரசியுங்கள், தப்பில்லை. ஆனால் மோதல் தொடங்கியதும் பக்கவாட்டுக்கு நகர்ந்துவிடுங்கள். அங்கிருந்துதான் இரண்டு கேடயக் கைகளும் தெரியும்.